ஃபுல்டன் தெருவில் கார் ஓடலாமா: ஃப்ரெஸ்னோவின் முன்னே இருந்த மூன்று வழிகள்

அக்கா மகன் கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ ஊரில் படித்துக்கொண்டிருந்தான். 2013 ஜூலையில் அவனைப் பார்க்கப் போனபோது, ஊரின் பழைய கடைத்தெருவைக் காட்டச் சொன்னேன். "ஃபேஷன் ஃபேர் மாலுக்குப் போயிடலாம் மாமா, ஏசி இருக்கும்" என்றான். வெளியே நம் வேலூர் வெயிலைப் போல் கொளுத்தியது. நான் விடவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் கடைத்தெருவைப் பார்க்காமல் திரும்பினால் எனக்கு ஊரைப் பார்த்த மாதிரியே இருக்காது. "சரி, ஃபுல்டன் மால்னு ஒண்ணு இருக்கு. ஆனா அங்க யாரும் வரமாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே கூட்டிப் போனான்.

பெயரில் மால் இருந்தாலும் அது கூரை போட்ட மால் இல்லை. ஆறு பிளாக் நீளத்துக்கு (ஒரு குறுக்குத் தெருவிலிருந்து அடுத்த குறுக்குத் தெரு வரை ஒரு பிளாக்) ஒரு திறந்த தெரு, அதில் வண்டியே கிடையாது. செங்கல் நிறக் காங்கிரீட் தரையில், கூழாங்கல் பதித்த பட்டைகள் ஆற்று வளைவு மாதிரி நெளிந்து ஓடின. நிழல் தரும் மரங்கள் இருந்தன. சில நீரூற்றுகளில் தண்ணீர் இருந்தது, சிலவற்றில் காய்ந்த இலை. பிரெஞ்சு ஓவியர் ரென்வார் செய்த, துணி துவைக்கும் பெண்ணின் வெண்கலச் சிலை ஒன்று தெருவிலேயே, கையால் தொடும் தூரத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் 1920களில் கட்டிய பெரிய கட்டடங்கள். அவற்றின் மேல்மாடி ஜன்னல்களைப் பார்த்தால் பல வருடமாக யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.

கீழ்த்தளத்தில்தான் உயிர் இருந்தது. மலிவு விலைச் செருப்புக் கடை, செல்போன் கடை, மெக்சிகோ குடும்பங்களில் பெண்ணுக்குப் பதினைந்து வயது ஆகும்போது நடத்தும் விழாவுக்கான கவுன் கடை. ஒரு கவுன் கடைக்கு வெளியே மொசைக் பதித்த பெஞ்சில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். உள்ளே அம்மாவும் மகளும் ஒவ்வொரு கவுனாக எடுத்துக் கதவுப் பக்கம் வந்து காட்ட, பாட்டி தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றார். மூன்றாவது கவுனுக்கு, குங்குமப்பூ நிறத்தில் அடுக்கடுக்காக இருந்ததற்கு, கையை உயர்த்தினார். நம் ஊரில் சீர்ப்புடவை எடுக்கும் அதே காட்சி. யாரும் வரமாட்டார்கள் என்று என் மருமகன் சொன்னது, தன்னைப் போன்றவர்கள் யாரும் வரமாட்டார்கள் என்ற பொருளில்தான். ஊர்ப் பெரியவர்கள் பலரும் அப்படித்தான் பேசினார்கள் என்பது பிற்பாடு படிக்கும்போது தெரிந்தது.

அந்த ஆண்டுதான் அந்தத் தெருவின் தலையெழுத்தை நகரம் பேசிக்கொண்டிருந்தது. மூன்று வழிகள் மேசையில் இருந்தன. தெருவை இப்படியே வைத்துப் பழுது பார்ப்பது ஒன்று. முழுக்கத் திறந்து சாதாரணத் தெருவாக்கிக் கார் விடுவது இன்னொன்று. காரை விட்டாலும் பழைய தோட்டத்தையும் சிலைகளையும் ஆங்காங்கே அதனதன் இடத்தில் காப்பாற்றுகிற இடைவழி மூன்றாவது. நகரமன்றம் 2014இல் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. 2017 அக்டோபர் 21 அன்று ஃபுல்டனில் மறுபடி கார் ஓடியது.

அது சரியான முடிவா என்று யோசித்துப் பார்ப்பது ஃப்ரெஸ்னோவுக்கு மட்டும் உரிய வேலை இல்லை. நொடித்துப்போன கடைத்தெரு உள்ள ஊரெல்லாம் இதே கேள்வியோடுதான் நிற்கிறது.

எப்படி மூடினார்கள்

ஃபுல்டன் ஒரு காலத்தில் அந்த ஊரின் முதன்மைத் தெரு. பெரிய துணிக்கடைகள், வங்கிகள், தியேட்டர்கள் எல்லாம் அங்கேதான். போருக்குப் பிறகு வீடுகள் வடக்கே நகர்ந்தன. வாடிக்கையாளர்கள் பின்னாலேயே கடைகளும் போய்விடும் என்ற பயத்தில் விக்டர் க்ரூயனைக் கூப்பிட்டார்கள். வியன்னாவில் பிறந்தவர். மினசோட்டாவில் 1956இல் திறந்த சவுத்டேல் என்ற குளிரூட்டிய மாலை வடிவமைத்துப் பெயர் வாங்கியவர். புறநகருக்கு மாலைக் கொடுத்த கையே ஊருக்கு நடுவிலும் மருந்து போடட்டும் என்று நினைத்தார்கள். தோட்ட அமைப்பு கேரட் எக்போ என்ற கலிபோர்னியக்காரர். தெரு 1964 செப்டம்பர் 1 அன்று நடப்பவர்களுக்காகத் திறந்தது. சிலைகளுக்கு ஊர் மக்களே நன்கொடை திரட்டினார்கள்.

ஆறே வருடத்தில், 1970இல், வடக்கே ஃபேஷன் ஃபேர் மால் வந்தது. வாசலிலேயே இலவச பார்க்கிங். பெரிய கடைகள் ஒவ்வொன்றாக ஃபுல்டனை விட்டுக் கிளம்பின. உள்ளூர் அடையாளமாகவே இருந்த காட்சாக்ஸ் துணிக்கடையும் 1980களின் கடைசியில் போய்விட்டது.

க்ரூயன் கொடுத்தது வெறும் தெரு மூடல் இல்லை. ஊர் மையத்தைச் சுற்றிப் பெரிய சாலைகள், அவற்றின் ஓரத்தில் பார்க்கிங், நடுவில் நடக்கும் இடம் என்று விரிந்த திட்டத்தில் ஃபுல்டன் ஒரு துண்டுதான். அந்தத் துண்டு மட்டும் முழுதாக நடந்தது. ஊர் வடக்கே பரவுவதை யாரும் நிறுத்தவில்லை. ஒரு பக்கம் தெருவை மூடிக்கொண்டே மறுபக்கம் வாங்குகிற ஆட்களைப் பத்து கிலோமீட்டர் தள்ளிக் குடியேற்றினால் எந்தத் தெருதான் தாங்கும்?

முதல் வழி: மூடியே வைப்பது

காரை விடாமல் மூடி வைத்து வென்ற தெருக்கள் இல்லாமல் இல்லை. வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊரின் சர்ச் தெரு 1981இல் மூடப்பட்டது. நாலே பிளாக். ஊரின் மக்கள்தொகை 45,000 இருக்கும். பனிக்காலத்தில் அங்கே குளிர் எலும்பைத் துளைக்கும், இருந்தும் தெருவில் கூட்டம் இருக்கிறது. கொலராடோவில் போல்டர் நகரத்தின் பேர்ல் தெரு 1977இல் மூடப்பட்டது. அதுவும் நாலு பிளாக்தான், அதுவும் நன்றாக ஓடுகிறது.

இரண்டு ஊரிலும் பல்கலைக்கழகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. மாணவன் வகுப்பு முடித்துக் காபிக்கு நடந்தே வருவான். அவனுக்குப் பார்க்கிங் பற்றிக் கவலையே இல்லை. தெருவும் குட்டி, அதனால் இருநூறு பேர் இருந்தாலே நிறைந்த மாதிரி தெரியும். அதே இருநூறு பேரை ஆறு பிளாக் நீளத்தில் விட்டால் தெரு ஆளில்லாத மாதிரி இருக்கும். வெறிச்சென்ற தெருவில் ஒரு பெண் சாயங்காலம் தனியாக நடக்க யோசிப்பாள். அவள் வராவிட்டால் தெரு இன்னும் வெறிச்சென்று ஆகும்.

இன்னொரு விஷயத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. மாலுக்கு ஒரே முதலாளி. எந்தக் கடை எங்கே வர வேண்டும், எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், யார் பெருக்க வேண்டும், எந்த விளக்கு எரிய வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே அலுவலகம் பார்த்துக்கொள்ளும். கடைத்தெருவுக்கு ஐம்பது முதலாளிகள். ஒருவர் வெளியூரில் இருப்பார், ஒருவர் விலை ஏறட்டும் என்று பூட்டி வைத்திருப்பார், இன்னொருவர் அண்ணன் தம்பி வழக்கில் மாட்டியிருப்பார். கார் ஓடாத தெரு என்றால் அது ஊருக்குப் பொதுவான கூடம் மாதிரி. அதைத் தினமும் பராமரிக்க ஆள் வேண்டும். பர்லிங்டனில் அதற்கென்றே ஓர் ஆணையம் வைத்து, சொத்துக்காரர்களிடம் கட்டணம் வாங்கி, பெருக்குவது முதல் பனி அள்ளுவது வரை பார்க்கிறார்கள். நீரூற்றில் தண்ணீர் நின்ற நாளில் ஃபுல்டனை அப்படிப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை.

அமெரிக்காவில் 1959இல் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் தொடங்கி 1980கள் வரை சுமார் இருநூறு தெருக்களை இப்படி மூடினார்கள். பெரும்பாலானவற்றை மறுபடி திறந்துவிட்டார்கள். கலமசூவே 1998இல் தன் தெருவின் ஒரு பகுதியில் காரை விட்டது. இந்த எண்ணிக்கையைக் காட்டித்தான் ஃபுல்டனைத் திறக்கச் சொன்னவர்கள் பேசினார்கள். வலுவான வாதம்தான். ஆனால் அதற்கு எதிர்ச் சாட்சியும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துச் சாண்டா மோனிகாவில் மூன்றாம் தெருவை 1965இல் மூடினார்கள், அதுவும் சோர்ந்துபோனது. அங்கே காரை விடாமல், 1989இல் தெருவைப் புதுப்பித்துத் தியேட்டர்களை அங்கே கொண்டுவந்து குவித்தார்கள். ராத்திரி பத்து மணிக்கும் ஜனம் நடமாடியது. இந்தக் காலத்தில் அங்கேயும் கடைகள் காலியாகத்தான் இருக்கின்றன, ஆனால் நடுவில் பல வருடங்கள் அந்தத் தெரு நன்றாக வாழ்ந்தது. செத்த தெருவுக்குக் காரை விடாமலும் உயிர் வந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

எனக்கு இதில் மிகவும் பிடித்த ஒப்பீடு க்ரூயனின் சொந்த வாழ்க்கையில் இருக்கிறது. 1968இல் அவர் வியன்னாவுக்கே திரும்பிப் போனார். தான் கொடுத்த மால் யோசனையை அமெரிக்காவில் கெடுத்துவிட்டார்கள் என்று மனம் வெறுத்துப்போயிருந்தார். வியன்னாவின் பழைய நகரத்திலிருந்து காரை வெளியேற்றச் சொல்லி அங்கேயும் வாதாடினார். 1974இல் அங்கே கெர்ட்னர் தெரு நடப்பவர்களுக்கானது ஆனது. இன்றும் அங்கே தோளோடு தோள் உரசும் கூட்டம். இரண்டு ஊரிலும் யோசனை ஒன்றுதான். வியன்னாவில் கடைக்கு மேல் மாடியில் குடும்பங்கள் இருந்தன, டிராம் இருந்தது, 1978இல் தெரு முனையிலேயே மெட்ரோவும் வந்தது. ஃப்ரெஸ்னோவில் மேல்மாடியில் பூட்டு இருந்தது.

ஆகவே மூடி வைக்கலாமா என்று கேட்கும் ஊர், முதலில் கடைக்கு மேலே அண்ணாந்து பார்க்க வேண்டும். பத்து நிமிட நடையில் எத்தனை பேர் தூங்கி எழுகிறார்கள், எத்தனை பேர் படிக்கிறார்கள், எத்தனை பேர் பஸ்ஸிலோ ரயிலிலோ வந்து இறங்குகிறார்கள் என்று எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கை இருந்தால் மூடலாம். இல்லாவிட்டால், எவ்வளவு அழகாகக் கல் பதித்தாலும் அது நிற்காது.

பஸ்ஸை மட்டும் விடலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிகாகோ 1979இல் ஸ்டேட் தெருவில் அதைச் செய்து பார்த்தது. காரை நிறுத்தி, நடைபாதையை அளவுக்கு மீறி அகலமாக்கி, நடுவில் பஸ் மட்டும் ஓட விட்டார்கள். அகன்ற நடைபாதையில் இருந்த கூட்டமும் கொஞ்சமாகத் தெரிந்தது. பஸ் புகை மட்டும் மிஞ்சியது. சியர்ஸ், கோல்ட்ப்ளாட்ஸ், வீபோல்ட்ஸ் என்று பெரிய கடைகள் அந்தப் பத்து வருடத்தில் மூடின. 1996இல் பழையபடி காரை விட்டு நடைபாதையைக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு தெரு தேறியது. ஆனால் அந்தச் சமயத்தில் அக்கம்பக்கத்தில் கல்லூரிகளும் மாணவர் விடுதிகளும் வந்ததையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வழி: முழுக்கத் திறப்பது

திறக்கச் சொன்னவர்களின் நியாயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கார் ஓட்டிப் போகிறவர் கண்ணில் கடைப் பலகை படும். தெரு இருட்டாக இருக்காது. வயதானவரைக் கடை வாசலில் இறக்கிவிடலாம். சரக்கு இறக்குவது எளிது. மேல்மாடியில் அலுவலகம் எடுக்க நினைப்பவர், வாசலுக்கு வண்டி வராது என்றால் தயங்குவார். ஃப்ரெஸ்னோ மாதிரி, எல்லாருமே காரில்தான் நகர்கிற ஊரில் இது ஒவ்வொன்றும் உண்மை. வட கரோலைனாவில் ராலி நகரம் 1977இல் மூடிய ஃபேயட்வில் தெருவை 2006இல் திறந்தது. அதற்குப் பிறகு அங்கே புதுக் கட்டடங்களும் உணவகங்களும் வந்தன.

பணமும் ஒரு பக்கம் இழுத்தது. 2013இல் ஃப்ரெஸ்னோவுக்குக் கிட்டத்தட்ட 16 மில்லியன் டாலர் மத்திய அரசு மானியம் கிடைத்தது. அது போக்குவரத்துக்கான பணம். தெருவைத் திறந்தால்தான் வரும். பழுது பார்த்து மூடியே வைத்தால் ஒரு டாலர்கூட வராது. தேசிய வரலாற்றுச் சின்னப் பட்டியலில் சேரும் தகுதி ஃபுல்டனுக்கு உண்டு என்று 2010லேயே முடிவாகியிருந்தது. ஆனால் அந்தத் தகுதியோடு பணம் எதுவும் வரவில்லை. மூன்று வழிகளை ஒப்பிடுகிறோம் என்று மேசையில் வைத்தாலும், காரை விடுகிற வழிக்கு மட்டும் பணம் கட்டி வைத்திருந்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவே வேண்டாம். எந்த ஊரில் இந்தப் பேச்சு வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும் என்பேன்: மானியம் எதற்கு வந்திருக்கிறது?

பார்க்கிங் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். தெருவோரம் ஒரு கார் நிற்க ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இடம் வேண்டும். 100 மீட்டரில் ஒரு பக்கம் பதினைந்து கார் நிற்கும், இரண்டு பக்கமும் முப்பது. ஒவ்வொரு காரும் ஒரு மணி நேரம் நின்று கிளம்பினால் பத்து மணி நேரத்தில் 300 கார் வந்துபோகும். நல்ல எண்ணிக்கைதான். ஆனால் நடைமுறை வேறு. காலையில் முதலில் வருகிறவர்கள் கடைக்காரரும் வேலையாட்களும். அவர்கள் வண்டியை வாசலில் போட்டுவிட்டால் சாயங்காலம் வரை அதே முப்பது கார்தான். வாடிக்கையாளருக்கு இடம் இல்லை என்று புகார் சொல்பவரின் கார்தான் அந்த இடத்தில் நிற்கும். நேரக் கட்டணம் வைக்காமல், பின்னால் வேலையாட்களுக்குத் தனி இடம் காட்டாமல் தெருவைத் திறந்தால், வியாபாரத்துக்காகத் திறந்த இடம் வண்டிக் கொட்டகையாகத்தான் மாறும்.

கடைக்காரர் கணிப்பும் பெரும்பாலும் தவறும். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துக் கடைத்தெரு ஒன்றில் 2006இல் கேட்டுப் பார்த்தார்கள். தங்கள் வாடிக்கையாளர்களில் நூற்றுக்கு 41 பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தால் 22தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. கார் நிறுத்த இடமில்லை என்று முணுமுணுக்கிற வாடிக்கையாளர் மனதில் நிற்பார். நடந்து வந்து பேசாமல் வாங்கிப் போனவர் நிற்க மாட்டார்.

சரி, ஃபுல்டனைத் திறந்த பிறகு என்ன ஆனது? சில உணவகங்கள் வந்தன. சில பழைய கட்டடங்களுக்கு வெள்ளை அடித்தார்கள். சிலைகளைச் செப்பனிட்டு நடைபாதையில் வைத்தார்கள். ஆனால் காலிக் கட்டடங்கள் இன்னமும் நிற்கின்றன. 2023இல் மாநில அரசு ஃப்ரெஸ்னோ நகர மையத்துக்கு 250 மில்லியன் டாலர் தருவதாக அறிவித்தது. அதை வைத்து நகரம் செய்ய நினைத்தது தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய், பார்க்கிங் கட்டடம் போன்றவற்றை. காரணம் என்ன? மையத்தில் ஆயிரக்கணக்கில் வீடு கட்ட வேண்டும் என்றால் அங்கிருக்கும் பழைய குழாய்கள் தாங்காது. தெருவைத் திறந்து ஆறு வருடம் கழித்து, அடியில் இருந்த குழாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். முதலில் செய்திருக்க வேண்டிய வேலை அதுதான் என்பது என் கருத்து.

அந்தக் கவுன் கடையையும் மறக்க முடியவில்லை. தெருவைப் பெயர்த்துப் போடும் வேலை ஒரு வருடத்துக்கு மேல் நடந்தது. அன்றாட வியாபாரத்தில் வாடகை கட்டுகிற சின்னக் கடைக்கு ஒரு வருடத் தூசியும் தடுப்பு வேலியும் எப்படிப்பட்ட அடி என்று கடை வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். வேலை முடிந்து தெரு மினுமினுத்தால் வாடகை ஏறும். புதிதாக வருவது காபிக் கடையும் மதுக் கடையும். நொடித்த தெரு என்று ஊர் சொன்னபோதும் அங்கே வந்து வாங்கிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு எந்தத் திட்டத்திலும் ஒரு வரி ஒதுக்கப்படவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

மூன்றாவது வழி: பாதி

இதைச் சமரசம் என்று சொல்லி ஒதுக்குகிறார்கள். நம் ஊரில் இதை நேரில் பார்த்தவன் என்ற முறையில் நான் அப்படி ஒதுக்க மாட்டேன்.

தி. நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். கிட்டத்தட்ட 40 கோடி ரூபாய்ச் செலவு. முதலில் வண்டியையே நிறுத்திவிடலாம் என்றுதான் பேச்சு, சோதனையாக நிறுத்தியும் பார்த்தார்கள். கடைசியில் வண்டிப் பாதையைக் குறுக்கி, நடைபாதையைப் பல மடங்கு அகலமாக்கி, காரையும் ஓட விட்டார்கள். தணிகாசலம் சாலையில் அடுக்கு வாகன நிறுத்தம் கட்டினார்கள். திறந்த புதிதில் அங்கே ஒரு ஃபேன்சி ஸ்டோர் அண்ணாச்சியிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டேன். வளையல் டஜனை நூலில் கோத்துக்கொண்டே பேசினார். "கார்ல வர்றவங்க குறைஞ்சாங்க தம்பி, இல்லேன்னு சொல்ல மாட்டேன். முன்னாடி பிளாட்பாரத்துல இடிச்சுக்கிட்டு ஓடுவாங்க, இப்ப நின்னு பாக்குறாங்க. நின்னாத்தான் உள்ள வருவாங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தி, காலை பத்து மணிக்கு மேல் குட்டி யானையில் சரக்கு வந்தால் எங்கே நிறுத்தி இறக்குவது என்று ஒரு பாட்டம் புலம்பினார். அந்தப் புலம்பலிலும் நியாயம் இருந்தது. சரக்கு இறக்க நேரமும் இடமும் ஒதுக்காமல் எந்தத் தெருவையும் மாற்றக் கூடாது.

பாண்டி பஜார் இதைத் தாங்கியதற்குக் காரணம் கல்லும் விளக்கும் இல்லை. மாம்பலம் ரயில் நிலையம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது, பஸ் நிலையம் இருக்கிறது, சுற்றிலும் வீடுகள். காரே இல்லாவிட்டாலும் தி. நகருக்குக் கூட்டம் வரும். ஃப்ரெஸ்னோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆகவே இங்கே நடந்ததை அங்கே அப்படியே கொண்டுபோய் வைக்க முடியாது.

டெல்லி சாந்தினி சவுக்கில் நேரக் கணக்கு வைத்தார்கள். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஃபதேபுரி மசூதி வரை 1.3 கிலோமீட்டருக்குக் காலை ஒன்பது முதல் ராத்திரி ஒன்பது வரை மோட்டார் வண்டிக்குத் தடை. 2021 செப்டம்பரில் முறையாகத் திறந்தார்கள். சரக்கு ராத்திரியில் வரலாம். காகிதத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் காவலுக்கு ஆள் நிற்காத முனையில் மோட்டார் சைக்கிள் நுழைந்துவிடுகிறது. இந்த வழியில் கல்லுக்குச் செலவு குறைவு, ஆளுக்குச் செலவு அதிகம். முனையில் தினமும் ஒருவர் நிற்க வேண்டும், வருடக்கணக்கில் அவருக்குச் சம்பளம் தர வேண்டும்.

பாதி வழியின் பெரிய பலம், திரும்பிப் போக முடியும் என்பது. ஃபுல்டனில் எக்போ போட்ட தரையை உடைத்தாயிற்று, அது திரும்பாது. ஆனால் நடைபாதையும் சாலையும் ஒரே மட்டத்தில் இருக்கிற, ஒற்றைக் கார் மெதுவாகப் போகிற தெருவாக இருந்தால், சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு முனையிலும் கம்பத்தை நட்டு மூடிவிடலாம். கூட்டம் வந்தால் ஞாயிறும் மூடலாம். வராவிட்டால் எடுத்துவிடலாம். கோபன்ஹேகன் 1962 நவம்பரில் ஸ்ட்ரோயெட் தெருவைச் சோதனையாகத்தான் மூடியது. வியாபாரிகள் எதிர்த்தார்கள். இரண்டு வருடம் பார்த்துவிட்டு 1964இல்தான் நிரந்தரமாக்கினார்கள். ஃபுல்டன் மூடிய அதே வருடம்.

நான் அந்த நகரமன்றத்தில் உட்கார்ந்திருந்தால் மூன்றாவது வழிக்குத்தான் கை தூக்கியிருப்பேன். வளைந்து போகிற ஒரு மெதுவான பாதை, மரமும் நீரூற்றும் அதனதன் இடத்தில். மானியத்தில் ஒரு பங்கை வீட்டுக்கும் குழாய்க்கும் திருப்ப முடியாது என்றால், அந்த வேலைக்கான பணம் கைக்கு வரும்வரை தெருவை உடைக்காமல் காத்திருந்திருப்பேன். வேலை நடக்கும் காலத்துக்குச் சின்னக் கடைகளின் வாடகையில் ஒரு பகுதியை நகரமே ஏற்க வேண்டும் என்று கேட்டிருப்பேன். மூடியே வைக்கச் சொன்னவர்களோடு மனதளவில் இருந்தேன், ஆனால் ஆறு பிளாக் நீளத்தை நிரப்ப அங்கே ஆள் இல்லை என்பதை மறுக்க முடியவில்லை. நாலு பிளாக்கைத் திறந்து நடுவில் இரண்டை மட்டும் மூடி வைக்கலாம் என்றிருந்தால் அதற்கும் சம்மதித்திருப்பேன்.

இப்போது கார் ஓடுகிறது. இனி அங்கே பேச வேண்டியவை சின்ன விஷயங்கள்: வேலையாட்கள் எங்கே நிறுத்துவது, எந்த நேரத்தில் சரக்கு இறக்குவது, மாதத்தில் எத்தனை சாயங்காலம் தெருவை மூடுவது, பூட்டிய மேல்மாடிக்கு அதன் சொந்தக்காரர் என்ன கட்ட வேண்டும் என்பவை. போன வருடம் மருமகன் ஒரு படம் அனுப்பினான். கல்யாணமாகி, குழந்தையோடு அந்தப் பக்கம் போயிருக்கிறான். துணி துவைக்கும் பெண்ணின் சிலை நடைபாதையில் இருக்கிறது, பின்னால் வரிசையாகக் கார். குழந்தை சிலையின் முதுகில் கை வைத்திருக்கிறது. "கவுன் கடை இருக்கா?" என்று கேட்டேன். "தேடிப் பாத்தேன் மாமா, எந்த வாசல்னு தெரியல" என்று பதில் வந்தது.